விரலுக்குத் தகுந்த வீக்கம்: போக்கர் டோர்னமென்டில் சிப் கையிருப்பும் ஆட்டமும் (கேள்வி பதில்)

நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு, பந்தயத்துக்கு வரம்பு இல்லாத போக்கர்) டோர்னமென்டில் கையிருப்புக்கு ஏற்ப ஆட்டத்தை எப்படி மாற்றுவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்கெல்லாம் பிக் பிளைண்டில்தான், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் போட்டாக வேண்டிய கட்டாயப் பந்தயத்தில்; சுருக்கமாக பிபி. இன்னொருவர் அதில் பாதியை ஸ்மால் பிளைண்டாகப் போடுகிறார். (ரத்த அழுத்தத்துக்கும் அதே பெயர் இருப்பது தற்செயல் இல்லை என்று சில இரவுகளில் தோன்றியதுண்டு.) பிக் பிளைண்ட் போடுபவரே அதே அளவு ஆன்டியும் (மேசைக்கான கூடுதல் கட்டாயத் தொகை) போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருவரும் சீட்டைப் பார்க்கும் முன்பே மேசை நடுவில் 2.5 பிபி கிடக்கிறது. கீழே வரும் பாதிச் சண்டை அந்த 2.5 பிபிக்காகத்தான்.

கேள்வி: என்னிடம் 40,000 சிப் இருக்கிறது. இது அதிகமா, குறைவா?

பிளைண்ட் 200/400 (ஸ்மால்/பிக்) என்றால் 100 பிபி. நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம். 2,000/4,000 என்றால் 10 பிபி. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட வேண்டும். சிப் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது.

இன்னொரு அளவுகோலும் உண்டு. ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் செலவால் கையிருப்பை வகுப்பது. பால் மாக்ரியல் என்ற ஆட்டக்காரரின் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து இதை 'எம்' என்பார்கள். பிளைண்ட் 500/1,000, ஆன்டி 1,000 என்றால் சுற்றுக்கு 2,500. உங்களிடம் 15,000 இருந்தால் எம் 6. ஒரு சீட்டுகூட ஆடாமல் ஆறு சுற்று உயிரோடு இருக்கலாம். அதற்குள் பிளைண்ட் ஏறிவிடும் என்பதால் உண்மையில் அவ்வளவும் கிடைக்காது.

உங்கள் கையிருப்பை மட்டும் பார்ப்பதும் தவறு. உங்களிடம் 60 பிபி, எதிரில் இருப்பவரிடம் 8 பிபி என்றால் அந்த ஆட்டம் 8 பிபி ஆட்டம். மீதி 52 பிபி அந்தக் கையில் வெறும் வேடிக்கை பார்க்கிறது.

கேள்வி: தொடக்கத்தில் எல்லோரிடமும் 100 பிபிக்கு மேல் இருக்கிறது. அப்போதே அடித்து ஆடிப் பெரிய குவியல் சேர்த்துவிட வேண்டும் என்கிறான் நண்பன். சரியா அண்ணா?

சேர்க்கலாம் தம்பி, எந்தச் சீட்டால் என்பதுதான் கேள்வி. ஆழமான கையிருப்பில் மதிப்பு கூடுவது சிறிய ஜோடிகளுக்கும், 8-7 போல அடுத்தடுத்து வரும் ஒரே இனச் சீட்டுகளுக்கும். உள்ளே போகும் செலவு குறைவு, விழுந்தால் கிடைப்பது மிக அதிகம். மதிப்பு குறைவது ஏஸ்-ஜாக் போன்ற அழகான கைகளுக்கு. ஏஸ்-9-6 என்று ஃப்ளாப் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) விழுகிறது, உங்களுக்கு மேல் ஜோடி. மூன்று தெருவிலும் (ஃப்ளாப், நான்காம் சீட்டு, ஐந்தாம் சீட்டான ரிவர்) பந்தயம் கட்டி, ரிவரில் எதிராளி எல்லாவற்றையும் உள்ளே தள்ளும்போது உங்கள் ஜாக் எதற்கும் உதவாது. ஒற்றை ஜோடிக்காக 100 பிபியை இழப்பதுதான் ஆழம் தெரியாமல் காலை விடுவது.

கேள்வி: 25 பிபி வைத்திருக்கும்போது 5-5 வந்தால் கால் செய்துவிட்டு (எதிராளி கட்டியதற்கு ஈடாகப் போட்டுவிட்டு), மூன்றாவது ஐந்து விழுகிறதா என்று பார்ப்பேன். நாள்பட நஷ்டமாகவே இருக்கிறது.

நஷ்டமாகத்தான் இருக்கும். ஃப்ளாப்பில் செட் (கை ஜோடிக்கு மூன்றாவது சீட்டு) விழுவது ஏறக்குறைய எட்டரை முறைக்கு ஒருமுறை. எதிராளி 2.2 பிபிக்கு ரெய்ஸ் செய்ய (பந்தயத்தை உயர்த்த), நீங்கள் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) இருந்து கால் செய்கிறீர்கள் என்றால், எட்டரை முறைக்கு 18.7 பிபி செலவு. நடுவில் 6.9 பிபி இருக்கும். ஆக, செட் விழும் ஒவ்வொரு முறையும் எதிராளி இன்னும் 12 பிபி, அதாவது தன்னிடம் மிச்சமுள்ளதில் பாதியை, உங்களிடம் கொட்டினால்தான் கணக்கு நேராகும். அவருக்கும் ஏதாவது விழுந்தால்தான் கொட்டுவார். நீங்கள் பிக் பிளைண்டில் இருந்து வெறும் 1.2 பிபி சேர்த்து உள்ளே போகிறீர்கள் என்றால் கதை வேறு; அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

15 முதல் 25 பிபி வரை உள்ள கையிருப்புக்கு வேறொரு ஆயுதம் இருக்கிறது: மற்றவரின் ரெய்ஸ் மேல் ஆல்-இன், அதாவது கையில் உள்ள எல்லாவற்றையும் தள்ளுவது. பட்டனில் இருப்பவர் 2.2 பிபிக்குத் திறக்கிறார், அதாவது முதல் ரெய்ஸ் அவருடையது. நீங்கள் பிக் பிளைண்ட், கையில் 18 பிபி. நடுவில் 4.7 பிபி. நீங்கள் எல்லாவற்றையும் தள்ளி, அவர் ஃபோல்ட் செய்தால் (சீட்டைக் கீழே வைத்து விலகினால்), ஒரு சீட்டும் திருப்பாமல் உங்கள் கையிருப்பு கால் பங்கு கூடுகிறது. அவர் கால் செய்தாலும் 5-5, ஒரே இன ஏஸ்-5, கிங்-குயின் போன்றவை செத்த கைகள் அல்ல.

ஆளைப் பார்த்துச் செய்யுங்கள். பட்டனில் இருந்து எதை வைத்தும் திறக்கும் ஆள்தான் இதற்குச் சரியான இலக்கு. முதலில் ஆட வேண்டிய இடத்தில் இருந்து திறப்பவர் உண்மையிலேயே ஏதோ வைத்திருக்கிறார். கையில் 6 பிபி மட்டும் வைத்துக்கொண்டு 2.2 போட்டவரும் ஃபோல்ட் செய்யப் போவதில்லை. ஃபோல்ட் செய்யத் தெரியாதவனிடம் இந்த ஆயுதம் வெறும் தடி.

கேள்வி: 12 பிபியில் கிங்-10 வைத்து 2.5 பிபிக்கு ரெய்ஸ் செய்தேன். ஒருவர் ஆல்-இன் போனதும் ஃபோல்ட் செய்துவிட்டேன். மேசையில் இருந்த எல்லோரும் திட்டினார்கள். அப்படி என்ன குற்றம்?

கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டுவிட்டு விட்டுக்கொடுத்ததுதான். கணக்கைப் பாருங்கள். உங்களிடம் மிச்சம் 9.5. நடுவில் உங்கள் 2.5, முதலிலேயே கிடந்த 2.5, அவருடைய 12, ஆக 17. அந்த 17ஐ வெல்ல 9.5 போட வேண்டும் என்றால் 36% வெற்றி வாய்ப்பு இருந்தாலே போதும். கிங்-10க்குப் பல நேரங்களில் அது இருக்கும். கால் செய்ய மனம் வராது, ஃபோல்ட் செய்தால் கணக்கு உதைக்கும். அந்த இக்கட்டுக்குள் உங்களை நுழைத்தது முதல் ரெய்ஸ்தான்.

12 பிபிக்குக் கீழே பெரும்பாலும் இரண்டே வழி: எல்லாவற்றையும் தள்ளு, அல்லது சீட்டைக் கீழே வை. 10 பிபியை முதல் ஆளாக உள்ளே தள்ளினால் எல்லோரும் ஒதுங்கும்போது 10 என்பது 12.5 ஆகிறது. பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்ய இன்னும் 9 போட வேண்டும். அதற்கு அவருக்கு 42% வாய்ப்பு தேவை. பாதிக் குப்பையை அவர் கீழே வைத்துவிடுவார். பட்டனில் இருந்தால் எந்த ஏஸும், எந்த ஜோடியும் தள்ளலாம். பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கும் முதல் இடத்தில் அதே தைரியம் வேண்டாம்.

"நல்ல சீட்டு வரட்டும்" என்று காத்திருப்பதன் விலையை என் தோலிலேயே படித்திருக்கிறேன். ஒருமுறை பிளைண்ட் 500/1,000 இருக்கும்போது 14,000 சிப், அதாவது 14 பிபி. தள்ளத் தகுந்த இரண்டு மூன்று கைகள் வந்தன, மனம் வரவில்லை. மூன்று சுற்றில் 7,500 கரைந்தது. மிச்சம் 6,500. அதற்குள் பிளைண்ட் 750/1,500 ஆகிவிட்டது. நான்கு பிபியும் கொஞ்சமும்தான் கையில். அப்போது வந்தது குயின் ஜோடி! தள்ளினேன், இரண்டு பேர் கால் செய்தார்கள், வென்றேன். எண்ணிப் பார்த்தால் 23,250. பதினைந்தரை பிபி. குயின் ஜோடியை வைத்து இரண்டு பேரைச் சாய்த்தும், ஏறக்குறைய கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன். உறுமீன் வரும்வரை கொக்கு காத்திருக்கலாம். இங்கே குளம் வற்றிக்கொண்டே அல்லவா போகிறது!

கேள்வி: 3 பிபிதான் மிச்சம். ஏஸ் வரும்வரை காத்திருக்கலாமா?

பிக் பிளைண்ட் எத்தனை ஆட்டம் தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது உங்களிடம் வந்துவிட்டால் பிளைண்டும் ஆன்டியுமாக மூன்றில் இரண்டு போய்விடும். ஆகவே அதற்கு முன் வரும் சுமாரான கையை எடுத்துக்கொண்டு, முதல் ஆளாக உள்ளே போங்கள்.

எதிராளி ஃபோல்ட் செய்வார் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். உங்கள் 3 பிபிக்கு எதிராக பிக் பிளைண்ட் போட வேண்டியது இன்னும் 2. நடுவில் இருப்பது 5.5. அவருக்கு 27% போதும். ஹோல்டெமின் மிக மோசமான கையான இன மாறிய 7-2 கூட ஏஸ்-கிங்கிடம் மூன்றில் ஒருமுறை வெல்லும். கணக்குத் தெரிந்தவர் சீட்டைப் பார்க்காமலே கால் செய்வார். மிரட்டும் சக்தி 8 பிபி இருந்தபோதே உங்களிடம் இருந்தது.

கேள்வி: நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு. நால்வரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு சிப். ஒருவர் ஆல்-இன் போனார். ஏஸ்-கிங்கை ஃபோல்ட் செய்தேன். நண்பர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பரிசுத் தொகை 100, அது 50, 30, 20 என்று பிரிகிறது என்போம். நால்வரும் சமம் என்றால் ஒவ்வொருவரின் இருக்கைக்கும் மதிப்பு 25. நீங்கள் கால் செய்து தோற்றால் 0. வென்றால் உங்களிடம் சிப் இரு மடங்கு. ஆனால் இருக்கையின் மதிப்பு 50 ஆகாது. முதல் பரிசை வெல்லும் வாய்ப்பு உங்களிடம் உள்ள சிப் விகிதத்துக்குச் சமம் என்று கொண்டு, அடுத்தடுத்த இடங்களையும் அதே வழியில் கணக்கிட்டால் வருவது 38.33. இந்த முறைக்கு ஐசிஎம் என்று பெயர்.

25ஐப் பணயம் வைத்து 38.33ஐ எட்ட 65% வெற்றி வாய்ப்பு வேண்டும். இன மாறிய ஏஸ்-கிங், கண்ணை மூடி எடுத்த எந்த இரண்டு சீட்டுக்கு எதிராகவும் பெறுவது அதே 65% அளவுதான். பிளைண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், எதிராளி சீட்டையே பார்க்காமல் தள்ளியிருந்தால்கூட உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பார்த்துத் தள்ளியிருந்தால் ஃபோல்ட்தான். அவர் கையில் குயின் ஜோடி இருந்திருந்தால் உங்கள் வாய்ப்பு 43%.

இந்தக் கணக்கு தள்ளுபவருக்குத்தான் சாதகம். முதலில் தள்ளியவர் ஃபோல்டையும் சம்பாதிக்கலாம், கால் செய்பவருக்கு அது கிடையாது. அதே ஏஸ்-கிங்கை நீங்கள் முதலில் தள்ளியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

கேள்வி: எல்லோரும் இப்படிப் பயந்தால் யார்தான் வெல்வது?

பெரிய கையிருப்பு வைத்திருப்பவர். பரிசு வரிசைக்கு முந்தைய அந்த நேரம் அவருக்கு அறுவடைக் காலம். நடுத்தரக் கையிருப்புக்காரர்களைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப ரெய்ஸ் செய்வார். மிகச் சிறிய கையிருப்புக்காரருக்கு இழக்க அதிகம் இல்லை, எப்படியும் தள்ளுவார். நடுவில் இருப்பவர்தான் "அந்த 2 பிபி ஆள் முதலில் போகட்டும்" என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு நியாயமானதே. அதைத்தான் பெரியவர் வரியாக வசூலிக்கிறார்.

பெரிய கையிருப்பில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, மேசையில் உள்ள இன்னொரு பெரியவரோடு மோதுவது. இரண்டு, "என்னிடம்தான் நிறைய இருக்கிறதே" என்று சிறியவர்களின் ஆல்-இன்னை எதை வைத்தும் கால் செய்து, அவர்களை வளர்த்துவிடுவது. மூன்று பேரிடம் 5,000, 3,000, 2,000 சிப் இருந்து அதே 50-30-20 பரிசு என்றால், பாதிச் சிப் வைத்திருப்பவரின் இருக்கை மதிப்பு 38.39. வெறும் 2,000 வைத்திருப்பவருக்கு 28.86. சிப்பில் உள்ள இடைவெளி பணத்தில் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: சாட்டிலைட்டில் (பெரிய டோர்னமென்டுக்கான டிக்கெட்டைப் பரிசாகத் தரும் போட்டியில்) ஏஸ்-ஏஸை ஃபோல்ட் செய்யலாம் என்கிறார்களே, பைத்தியக்காரத்தனம் இல்லையா?

இல்லை. பத்து இடங்களுக்குப் பதினொரு பேர் மிச்சம், நீங்கள் மூன்றாவது இடத்தில் இருக்கிறீர்கள், உங்களை விடப் பெரியவர் ஆல்-இன். முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் அதே டிக்கெட்தான். ஏஸ்-ஏஸ் எந்த இரண்டு சீட்டிடமும் நூற்றுக்கு 15 முறையளவு தோற்கும். பையில் விழுந்துவிட்ட டிக்கெட்டை எதற்காக வெளியே எடுத்துப் பணயம் வைக்க வேண்டும்?

கேள்வி: ஆளை வெளியேற்றினால் தனிப் பரிசு தரும் பவுண்டி டோர்னமென்ட்?

எதிராளியைவிட உங்களிடம் சிப் அதிகம் இருந்தால் கொஞ்சம் தாராளமாகக் கால் செய்யலாம். குறைவு என்றால் அவர் தலைக்கு வைத்த விலை அந்தக் கையில் உங்களுக்குக் கிடைக்காது; மறந்துவிடுங்கள்.

கேள்வி: கடைசி இரண்டு பேர். எதிராளியிடம் என்னைப்போல் மூன்று மடங்கு. ஐசிஎம் பார்த்துப் பதுங்கி ஆடவா?

வேண்டாம். இரண்டாம் பரிசு ஏற்கனவே உங்களுடையது. போட்டி வித்தியாசத்துக்கு மட்டும். இங்கே ஒவ்வொரு சிப்புக்கும் ஒரே மதிப்பு. பதுங்கினால் பிளைண்டே தின்றுவிடும்.

கேள்வி: பிளைண்ட் 500/1,000. நான் ரெய்ஸ் செய்ய நினைத்து ஒற்றை 5,000 சிப்பைப் பேசாமல் வைத்தேன். டீலர் அதை கால் என்று சொல்லிவிட்டார். ஏமாற்று வேலையா?

ஏமாற்று இல்லை, விதி அப்படித்தான். முன்னால் ஒரு பந்தயம் இருக்கும்போது அதைவிடப் பெரிய ஒற்றைச் சிப்பை வாய் திறக்காமல் வைத்தால் அது கால். ரெய்ஸ் என்றால் சிப் மேசையைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாய் திறக்காததால் பிழைத்தவரும் ஒருவர் உண்டு. 1982ஆம் ஆண்டு வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரின் முக்கியப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் தள்ளித் தோற்று எழுந்தபோது, ஒற்றை 500 சிப் மிச்சம் கிடந்ததைக் கண்டார் என்பது போக்கர் மேசைகளில் இன்றும் சொல்லப்படும் கதை. 'ஆல்-இன்' என்று அவர் அறிவித்திருக்கவில்லை. அதனால் தொடர்ந்து ஆட விட்டார்கள். அந்த ஆண்டுப் பட்டம் அவருக்குத்தான் போனது. உங்கள் 5,000 சிப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.