மாத்திரையை நிறுத்தலாமா, மிஸ்ஸி?

ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசி முடித்ததும், துண்டுச் சீட்டுகளில் கேள்விகள் எழுதிக் கொடுத்தீர்கள். நேரம் போதவில்லை. பாதிக்கு மேல் ஹார்மோன் பற்றியவை; அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். புற்றுநோய் வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள் நான். ஆனாலும் உங்கள் ரிப்போர்ட்டை முழுசாகப் பார்த்த டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

மிஸ்ஸி, அம்மாவின் ரிப்போர்ட்டில் இ.ஆர். 90% என்று இருக்கிறது. அவ்வளவு பரவிவிட்டதா? (பிறை)

இல்லைம்மா, அது பரவலைச் சொல்லும் கணக்கே இல்லை. ஊசியால் எடுத்த சதைத் துணுக்குக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நூறு புற்று செல்களில் எத்தனையில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர உதவும் ரிசெப்டர் (அதுதான் இ.ஆர்.) இருக்கிறது என்பதுதான் அந்த எண். 1% இருந்தாலே பாசிட்டிவ். 90 என்றால் ஹார்மோன் மருந்து நன்றாகக் கேட்க வாய்ப்பு அதிகம். ‘பாசிட்டிவ்’ என்றதும் உடைந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஏழெட்டு இந்த வகைதான்.

குடும்பக் கட்டுப்பாடு மாத்திரைகூட சாப்பிட்டதில்லை. எனக்கு எப்படி வந்தது? (புக்கிட் மெர்தாஜாம்)

ஹார்மோன் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மாதவிடாய் நிற்கும்வரை சூலகமே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. நின்ற பிறகும் உடல் கொழுப்பில் கொஞ்சம் உருவாகிறது. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. டமாக்சிஃபென் அந்த ரிசெப்டரில் தானே போய் உட்கார்ந்து ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் தராது. லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கும். அவை பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்களுக்கானவை.

ஆபரேஷன், கீமோ முடிந்து இரண்டு வருடம். மேமோகிராம் சுத்தம். லெட்ரசோலால் மூட்டெல்லாம் வலி. நிறுத்தலாமா? (ஜெலுத்தோங்)

அக்கா, நீங்களாக நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்த ஹார்மோன் வகைப் புற்று நிதானமானது. அதுதான் அதன் ஆபத்தும். ஐந்து வருடம் கழித்தும், பதினைந்து வருடம் கழித்தும் எலும்பிலோ ஈரலிலோ தலைகாட்டலாம். உறங்கிக் கிடக்கும் செல்கள் மேமோகிராமில் தெரியாது. அதனால்தான் மாத்திரை குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வருடம்வரை.

வலி பொய் என்று சொல்லவில்லை. காலையில் விரல் மடங்காமல், மைலோ டின்னைத் திறக்கப் பேத்தியைக் கூப்பிட்ட ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கிளினிக்கில் “சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன்” என்பார். கடைசியில் மகள் ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்: மூன்று மாத மாத்திரை, ஒரு அட்டைகூடப் பிரிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. டாக்டர் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றினார், தினமும் நடக்கச் சொன்னார். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் தாங்கும் அளவுக்கு வந்தது. நீங்களும் வலியை மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். இந்த மருந்து எலும்பைத் தேய்க்கும்.

சோயா பால், தௌஹூ சாப்பிடலாமா? ஜாமு? (ஆயிர் ஈத்தாம்)

சாப்பாட்டில் வரும் சோயாவுக்குப் பயம் வேண்டாம். சோயா சத்து மாத்திரை வேண்டாம். ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்தும் வேண்டாம், அதில் சேரும் காச்சிப் பாத்திமா போன்ற மூலிகைகளில் ஈஸ்ட்ரோஜன்போல் நடந்துகொள்ளும் பொருள்கள் உண்டு.

வயது 34, டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். இன்னொரு குழந்தை ஆசை. (பாயான் லெப்பாஸ்)

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் டமாக்சிஃபென் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை கரு உண்டாகாமல் இருக்க ஆணுறையோ, கருப்பையில் வைக்கும் செம்பு லூப்போ போதும்; ஹார்மோன் உள்ள குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை கூடாது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 18 முதல் 30 மாதம் மருந்து சாப்பிட்டவர்கள் இரண்டு வருடம்வரை நிறுத்திக் கருத்தரிக்க முயன்றார்கள். முதல் சில வருடங்களில் நோய் திரும்புவது கூடவில்லை. அப்புறம் மருந்தைத் தொடர வேண்டும். டாக்டரிடம் இப்போதே பேச்சை எடுங்கள்.

என் கணவருக்கு மார்புக் காம்புக்குக் கீழே கட்டி. வலி இல்லை. கிளினிக் போக வெட்கப்படுகிறார். (பெயர் இல்லை)

ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் அபூர்வமாக வரும். வந்தால் பெரும்பாலும் இந்த ஹார்மோன் வகைதான். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். நீங்களும் டாக்டர் அறைக்குள் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.