கார் ரிமோட் சாவிக்கு பேட்டரி மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: பேட்டரி தீர்ந்துடுச்சா, ரிமோட்டே போயிடுச்சான்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?

பேட்டரி என்றால் முன்கூட்டியே அடையாளம் காட்டும். தூரத்திலிருந்தே திறந்த கதவு, பக்கத்தில் போனால்தான் திறக்கும். ஒரு அழுத்தில் நடந்த வேலைக்கு மூன்று அழுத்து தேவைப்படும். ரிமோட் பழுது என்றால் பெரும்பாலும் ஒரு பட்டன் மட்டும் செத்திருக்கும், அல்லது கீழே விழுந்த அன்றே நின்றிருக்கும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் புது செல் (சாவிக்குள் இருக்கும் வட்டமான சின்ன பேட்டரி) 3.2 வோல்ட் அளவில் காட்டும். 2.9க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். 3.0 காட்டுகிறதே என்று முழுக்க நம்பவும் வேண்டாம். பழைய செல்லில் உள்மின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் தன்மை, கூடியிருக்கும். சும்மா கிடக்கும்போது நல்ல அளவு காட்டிவிட்டு, பட்டனை அழுத்தும் நொடியில் வோல்டேஜ் சரிந்துவிடும். குளிரான காலையில் மட்டும் சாவி சண்டித்தனம் செய்வதும் இதனால்தான்.

கேள்வி: அண்ணா, பழைய செல்லில் சிஆர்2032ன்னு இருக்கு. கையில் 2025 இருக்கு. ரெண்டும் 3 வோல்ட்தானே?

வோல்ட் ஒன்றுதான், தடிமன் வேறு. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில், 32 என்பது 3.2 மி.மீ. தடிமன். 2025 என்றால் 2.5 மி.மீ. அந்த 0.7 மி.மீ. குறைந்தால் தகடு செல்லைச் சரியாக அழுத்தாது. மேசையில் வேலை செய்யும், பாக்கெட்டில் குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும். அலுமினியத் தாளை மடித்து அடியில் வைக்கும் வித்தை வேண்டாம். அது நழுவினால் ஷார்ட்தான். 2025 இருக்கும் இடத்தில் 2032ஐத் திணிப்பது இன்னும் மோசம். தகடு வளைந்துவிட்டால் பிறகு சரியான செல் போட்டாலும் ஒட்டாது.

எல்ஐஆர்2032 என்று சார்ஜ் ஏற்றக்கூடிய செல் ஒன்று உண்டு. அளவு அதே, ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட் ரிமோட்டில் அதைப் போடாதீர்கள்.

கேள்வி: மூடியை உடைக்காம திறக்கறது எப்படி?

ரிமோட்டுக்குள் செருகிய இரும்புச் சாவி இருந்தால் முதலில் அதை உருவுங்கள். நெம்புவதற்கான பள்ளம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். சிலவற்றில் சின்ன ஸ்குரூ ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமல் நெம்பினால் கூடு விரிசல் விடும். தட்டை ஸ்குரூடிரைவரின் முனையில் டேப் சுற்றி, பள்ளத்தில் வைத்துத் திருப்புங்கள், குத்தாதீர்கள். ஒரு பக்கம் விட்டதும் விரல் நகத்தால் சுற்றிவந்தால் போதும்.

செல்லை எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்ற குழப்பம் வராது. எடுக்கும்போது உலோக இடுக்கி வேண்டாம். இரண்டு முனையையும் ஒருசேரத் தொட்டால் புது செல்லும் வீணாகும். சில செல்களில் குழந்தைகள் வாயில் வைக்காமலிருக்கக் கசப்புப் பூச்சு உண்டு. அது சில ரிமோட்களில் தொடர்பைக் கெடுக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். மூடும்போது ஓரத்து ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பேட்டரி மாத்தினதும் கதவு திறக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகலை!

உடைந்த கூட்டையும் சேர்த்து மாற்றினீர்களா? சில சாவிகளில் இம்மொபிலைசர் சிப் (சரியான சாவிதான் என்று வண்டிக்குக் காட்டி ஸ்டார்ட் ஆக விடும் சிப்) சர்க்யூட் போர்டில் இருக்காது. தனியே, கறுப்பாகப் பிளாஸ்டிக் துண்டு போலக் கூட்டுக்குள் செருகியிருக்கும். பழைய கூட்டோடு அது குப்பைக்குப் போயிருக்கலாம். முதலில் அங்கே தேடுங்கள்.

கேள்வி: செல்லைக் கழற்றினா ப்ரோகிராமிங் அழிஞ்சிடுமா?

பெரும்பாலான சாவிகளில் அழியாது. பேட்டரி இல்லாமலும் நினைவில் நிற்கும் சிப்பில்தான் பதிவு இருக்கிறது. சில பழைய மாடல்களில் மட்டும் ரிமோட்டை மறுபடி இணைக்க வேண்டும்; வழி கையேட்டில் இருக்கும்.

கேள்வி: நடுவழியில் செல் செத்துட்டா?

இரும்புச் சாவியால் கதவைத் திறங்கள். அலாரம் கத்தலாம், பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் பட்டன் உள்ள வண்டிகள் பலவற்றில் ரிமோட்டை அந்தப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் கிளம்பிவிடும். இம்மொபிலைசர் சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தை வண்டியில் உள்ள கம்பிச்சுருளே (காயில்) கொடுத்துவிடுகிறது, செல் தேவையில்லை. சிலவற்றில் சாவியை வைக்கத் தனி இடம் இருக்கும்.

கேள்வி: புது செல் ரெண்டு வாரத்தில் தீர்ந்துடுதுங்க.

சாவியை எங்கே வைக்கிறீர்கள்? கீலெஸ் வண்டிக்கு (சாவியைச் செருகாமலே திறக்கும் வண்டி) பக்கத்துச் சுவரிலேயே மாட்டியிருந்தால், வண்டி விடும் சிக்னலுக்கு அது ஓயாமல் விழித்துப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கலாம். சில மீட்டர் தள்ளி வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு பட்டன் அழுந்தியபடி சிக்கியிருக்கும், அல்லது போர்டில் ஈரம் ஏறியிருக்கும்.

கேள்வி: பழைய பிஎம்டபிள்யூ சாவி. உள்ளே செல் போர்டோடு ஒட்டியிருக்கு.

விஎல்2020 என்றிருந்தால் அது சார்ஜ் ஏறும் செல்; சாவியை இக்னிஷனில் போடும்போது சார்ஜ் ஆகும். அங்கே சிஆர் வகையைப் போடக் கூடாது. கால் தகடு பற்றவைத்த விஎல்2020 ஆகவே வாங்கி, தகட்டில் மட்டும் சால்டர் செய்யுங்கள். செல்லின் உடம்பில் சூடு படக் கூடாது.

கேள்வி: பழைய செல்லை என்ன செய்ய?

இரு முகத்திலும் டேப் ஒட்டி மின்கழிவில் சேருங்கள். அதுவரை குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். தீர்ந்த செல்லாக இருந்தாலும் விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.