பங்கு என்று சொல்லிவிட்டீர்கள்!

கேள்வி: காரைக்குடியில் ஆண்டுதோறும் திரைப்பட விழா நடத்தினால், நம் வட்டாரச் சினிமாத் தொழிலில் அதன் பங்கு என்னவாக இருக்கும்? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு 'பங்கு' என்று எழுத உங்களுக்குக் கை நடுங்கவில்லையா? நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அகராதி போதாது, வக்கீல் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு செட்டிநாட்டு வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்டு வந்தார்கள். பதினொரு பங்காளிகள். பத்துப் பேரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு மாதம். பதினோராமவர் பினாங்கில். அவருக்கு இந்த வீட்டில் இருப்பது வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஒரே ஓர் அறை, அதன் சாவியும் தொலைந்துவிட்டது. "என் கதவு படத்தில் தெரிந்தால் தனி வாடகை" என்றார். கேமராமேன் பார்த்தார், கதவை மறைத்து ஒரு பித்தளை அண்டாவை நிறுத்திவிட்டார். படம் வந்த மறுவாரம் அண்டாவுக்குச் சொந்தக்காரப் பங்காளி வாடகை கேட்டு வந்து நின்றார்.

படத்திலோ அது தஞ்சாவூர்ப் பண்ணையார் வீடு! நம் ஆத்தங்குடித் தரைக்கல் மேல் நின்றுகொண்டு வில்லன் காவிரித் தண்ணீருக்குச் சண்டை போடுகிறான். இதைப் பல தடவை எழுதிவிட்டேன், இன்னமும் எழுதுவேன். நம் வீட்டு முகப்பில் ஒரு நல்லவனை உட்காரவைத்தால் பர்மாத் தேக்கு உளுத்தா போய்விடும்?

சரி, விழா. கேரளத்தில் 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கினார்கள். இப்போது திருவனந்தபுரத்தில் இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்து ஈரானியப் படம் பார்க்கிறார்கள். விழா செய்கிற வேலை அதுதான், பார்க்கிறவனைத் தயார் பண்ணுவது. நம்மவர்கள் நடத்தினால் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிடும்.

வட்டாரத் தொழில் என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டுடியோ இருந்தது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அடுத்த வருஷமே ஸ்டுடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது வீட்டு வாடகை, ஜெனரேட்டர் வண்டி, யூனிட்டுக்குச் சாப்பாடு. இங்கே எடுத்த படங்களை இங்கேயே போட்டு, எடுத்தவர்களை மேடையேற்றி நாலு கேள்வி கேட்கிற விழா என்றால் நான் முதல் ஆளாக வருகிறேன். தொடக்கப் படமாக அந்த அண்டாப் படத்தையே போடுங்கள். அழைப்பிதழில் பதினொரு பெயரும் இருக்கிறதா என்று மட்டும் அச்சுக்குப் போகுமுன் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.