பிள்ளைகள் அடுப்படிக்கு வரும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகனுக்கு 9 வயது. காய் நறுக்கித் தருகிறேன் என்று அடம்பிடிக்கிறான். கத்தியைக் கொடுக்கலாமா?

நீங்கள் பக்கத்தில் நின்றால் கொடுக்கலாம். சொன்னதைக் கேட்டு நிதானமாகச் செய்கிறானா என்பதுதான் வயதைவிட முக்கியம். மழுங்கிய கத்தி பத்திரம் என்று நினைத்து அதைக் கொடுக்காதீர்கள். வெட்டாத கத்தியை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தும்போது வழுக்கி விரலில் ஏறும். அவன் கைக்கு அடங்குகிற கூரான சின்னக் கத்தி போதும்.

பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் நகராது. உருண்டையான காயை நீங்களே இரண்டாக வெட்டி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுங்கள். காயைப் பிடிக்கும் கையில் விரல் நுனிகள் உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும், கட்டைவிரல் அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கத்தியின் பக்கவாட்டு விரல் கணுவை ஒட்டியே ஏறி இறங்கட்டும். துண்டுகள் கோணல்மாணலாக வந்தாலும் அப்படியே குழம்பில் போட்டுவிடுங்கள். தான் வெட்டிய காயைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒதுக்கிவைப்பதில்லை.

தனியாகத் தங்கிப் படிக்கும் மகள் மதியம் வடித்த சோற்றை இரவு வரை மேசையிலேயே வைக்கிறாள். கேட்டால், “வாசனை நல்லாத்தானே இருக்கு, சூடு பண்ணிட்டா சரியாப் போயிடும்” என்கிறாள்.

அவள் சொல்லும் இரண்டு காரணங்களுமே தப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், ‘அப்படி வைக்காதே’ என்று மட்டும் சொன்னால் அந்த வயதில் யாரும் கேட்க மாட்டார்கள். காரணம் புரிந்தால் அவர்களாகவே எடுத்து வைப்பார்கள்.

முதலில் வாசனை. உணவை ஊசிப்போக வைக்கிற கிருமிகள் வேறு, நம்மை நோயில் தள்ளுகிற கிருமிகள் பெரும்பாலும் வேறு. இரண்டாம் வகை, மணத்தையோ ருசியையோ மாற்றாமலே பெருகிவிடும்.

அடுத்தது சூடு. பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா அரிசியில் வித்து வடிவில் இருக்கலாம். அந்த வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகும் நேரம் பார்த்து முளைத்து, பெருகி, நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. பாக்டீரியா செத்துவிடும், நச்சு அப்படியே இருக்கும்.

ஆகவே 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. வெயில் காலத்தில் அறை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மீந்த சோற்றைப் பாத்திரத்தோடு விட்டால் நடுப்பகுதி வெகுநேரம் ஆறாது. அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அடுத்த நாளுக்குள் சாப்பிட்டுவிடட்டும். சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை.

கோழிக்கறியைக் கழுவாதே என்று மகன் எங்கோ படித்துவிட்டு வந்து என்னோடு வாதாடுகிறான்.

அவன் சொல்வதுதான் சரி. கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் காம்பைலோபாக்டர் போன்ற கிருமிகளைத் தொட்டியிலும், மேடையிலும், பக்கத்தில் இருக்கும் பச்சைக் காய்களிலும் சேர்த்துவிடும். கறியின் உள்பகுதி 74 டிகிரிக்கு வெந்தால் கிருமிகள் செத்துவிடும். கழுவ வேண்டியவை கறியைத் தொட்ட கையும், கத்தியும், பலகையும்தான்.

நான் ஆசிரியர். வகுப்பில் அடுப்பும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. உணவுப் பாதுகாப்பை எப்படிப் பாடமாக நடத்துவது?

அடுப்பு வேண்டியதே இல்லை. இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு குவளையும் சோப்பும் போதும். மாணவர்கள் கையில் சில துளி எண்ணெயைத் தேய்த்து, மேலே கொஞ்சம் வண்ணப்பொடியைத் தூவுங்கள். அதுதான் கிருமி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவரோடு ஒருவர் கைகுலுக்கட்டும், பேனாவைத் தொடட்டும், கதவைத் திறக்கட்டும். பொடி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். அப்புறம் பாதிப் பேர் வெறும் தண்ணீரிலும், மீதிப் பேர் சோப்பு போட்டு 20 விநாடியும் கழுவட்டும். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் யாருக்கு நிறம் தங்கியிருக்கிறது என்று பார்த்தாலே, அதன் பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

இன்னொரு வகுப்புக்குக் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் அது என்ன உணவு என்று பிள்ளைகளே சொல்லட்டும். 330 மில்லி கோலா பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கும். அதைத் தேக்கரண்டியால் அளந்து ஒரு கண்ணாடிக் குவளையில் போடச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட 9 கரண்டி வரும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம்.

16 வயது மகன் புரோட்டீன் பவுடர் கேட்கிறான்.

தேவையில்லை. அந்த வயதில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.85 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை என்றால் 51 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 8, ஒரு கப் வெந்த பருப்பில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கிறது. கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள்.

பள்ளியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்திய பிறகு 14 வயது மகள் கலோரி எண்ண ஆரம்பித்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள்.

இந்தக் கேள்வி எனக்குக் கவலை தருகிறது. உணவை ‘நல்லது, கெட்டது’ என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பதன் பக்கவிளைவாக இது இருக்கலாம். எலும்பும் தசையும் ரத்தமும் வளர்கிற வயது. மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு இரும்புச்சத்தும் கூடுதலாகத் தேவை. அவள் எடையைப் பற்றியோ உங்கள் எடையைப் பற்றியோ வீட்டில் யாரும் பேச வேண்டாம். முடிந்தவரை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். எண்களுக்குப் பதிலாக, சமைப்பதில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தாலோ, மாதவிடாய் நின்றாலோ, மறைத்துச் சாப்பிட்டாலோ, தலைசுற்றல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை மேலே தூக்கி வீசும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்து, உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிட்டு, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். தீ பெரிதாகிவிட்டால் எல்லோரும் வெளியே வந்து தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். கையில் சூடு பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

வாயால் சொன்னால் மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. அடுப்பைப் பற்றவைக்காமல், காலி வாணலியை வைத்து மூடும் பழக்கத்தைச் சில தடவை செய்ய வையுங்கள். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் பழக்குங்கள்.