பொண்ணுக்கு லைட்டான கோர்ஸ் தேடுற அம்மாவுக்கு

நீங்க எழுதுனத படிச்சேன்மா. பொண்ணுக்கு டேட்டா சயின்ஸ், அதாவது நிறைய தகவல்கள கம்ப்யூட்டர்ல அலசி முடிவு சொல்ற படிப்பு மேல ஆசை, மார்க்கும் இருக்கு, ஆனா நான் பட்ட பாடு அவ படக்கூடாது, நாளைக்கு குழந்தை குட்டின்னு வந்தா சமாளிக்கிற மாதிரி லைட்டா ஏதாவது கோர்ஸ் சொல்லுங்கன்னு கேக்குறீங்க. வேலையும் வீடுமா இத்தன வருஷம் ஓடுன உங்களுக்கு அந்த பயம் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா பதினேழு வயசு பொண்ணோட படிப்ப இன்னும் பொறக்காத குழந்தைய வச்சு முடிவு பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

மொதல்ல, லைட்டான வேலைன்னு ஒண்ணு கிடையாது. எல்லாரும் டீச்சர் வேலைய சொல்வாங்க, பேப்பர் கட்ட வீட்டுக்கு தூக்கிட்டு வந்து ராத்திரி உக்காந்து திருத்துறவங்கள கேட்டா தெரியும் சேதி. கிளாடியா கோல்டின்னு ஹார்வர்டு பேராசிரியை, 2023ல பொருளாதார நோபல் வாங்குனவங்க, அவங்க ஆராய்ச்சில என்ன வருதுன்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்குற சம்பள வித்தியாசத்துல பெரும்பகுதி இப்ப ஒரே வேலைல இருக்குறவங்களுக்குள்ளயே வருது, அதுவும் முதல் குழந்தைக்கு அப்புறம்தான் பெருசாகுது. அப்போ கோர்ஸ மாத்துனா மட்டும் எல்லாம் சரியாயிடுமா?

பாக்க வேண்டியது வேலையோட பேர இல்லம்மா, அதுல நேரம் யாரு கையில இருக்குங்கறத. அதே கோல்டின் அமெரிக்கால பார்மசிஸ்ட் வேலைய எடுத்து பாத்தாங்க. ஒரு காலத்துல சொந்த கடை, முதலாளியே நாள் பூரா நிக்கணும். அப்புறம் பெரிய செயின் கடைங்க வந்து, பேஷன்ட் ரெக்கார்டு எல்லாம் கம்ப்யூட்டருக்கு போனதும் ஒருத்தர் விட்ட எடத்துலேந்து இன்னொருத்தர் பாத்துக்கலாம்னு ஆயிடுச்சு, பார்ட் டைம் பாத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு வர்ற சம்பளம் பெருசா அடிவாங்கல. பொண்ணுங்களுக்குன்னு யாரும் சலுகை குடுக்கல, வேலை அமைஞ்ச விதம் மாறிச்சு அவ்ளோதான். இதுக்கு நேரெதிர் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், பெரிய லா ஃபர்ம் மாதிரி எடங்க, கிளையன்ட் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணாலும் நீங்கதான் எடுக்கணும், அந்த நேரத்துக்குத்தான் அங்க காசே.

டேட்டா சயின்ஸ் இதுல எந்தப் பக்கம்னா டீமப் பொறுத்தது. அதனால ஏற்கனவே அந்த வேலைல இருக்குறவங்கள கேக்கணும், நீங்க லீவுல போனா உங்க வேலைய யாரு பாப்பாங்க, குழந்தை பொறந்து திரும்பி வந்தவங்க அதே ரோல்ல இருக்காங்களா இல்ல ஓரமா உக்கார வச்சிட்டாங்களா, அப்பாக்களும் லீவு எடுக்குறாங்களான்னு. கடைசி கேள்வி முக்கியம், பொம்பளைங்க மட்டும்தான் லீவு எடுக்குறாங்கன்னா ப்ரோமோஷன் வரும்போது அவங்க பேரத்தான் முதல்ல அடிப்பாங்க. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 2000ம் வருஷ ஒப்பந்தம் குறைஞ்சது 14 வாரம் மகப்பேறு லீவுன்னு சொல்லுது, ஆனா பேப்பர்ல லீவு இருக்குறது வேற, திரும்பி வரும்போது நாற்காலி இருக்குறது வேற.

இன்னொன்னு, குழந்தைக்கு முன்னாடி வர்ற வருஷங்கள்ல அவ எவ்ளோ கெட்டிக்காரியா ஆகுறாளோ அவ்ளோ தூரம் பின்னாடி நேரத்த கேட்டு வாங்க முடியும். இப்பவே ஆசைய சுருக்கிட்டா அவளுக்கு பதிலா எப்ப வேணா வேற ஆள போட்டுக்கக்கூடிய எடத்துலதான் போய் நிப்பா, அந்த எடத்துல எந்த மேனேஜரும் ஃப்ளெக்ஸிபிள் டைமிங் குடுக்க மாட்டான்.

கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன், நீங்க இவ்ளோ ஓடுனது தப்பான கோர்ஸ் எடுத்ததாலயா, இல்ல வீட்ல பங்கு போட ஆள் இல்லாததாலயா? ரெண்டாவதுன்னா அதுக்கு எந்த காலேஜ்லயும் சீட் கிடையாது, அத பொண்ணுகிட்ட வெளிப்படையா பேசிடுங்க.

கோர்ஸ் விஷயத்துல என் சஜஷன், டேட்டா சயின்ஸ்னு பேர் போட்ட டிகிரியே வேணும்னு இல்ல, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்துட்டு கோடிங் சேத்து படிச்சா பின்னாடி ரிசர்ச், இன்சூரன்ஸ், ஹெல்த்னு பல பக்கம் திரும்பலாம். அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி இந்த ஃபீல்டுல இருக்குற ரெண்டு அம்மாங்ககிட்ட அவளயே பேச சொல்லுங்க, நீங்க பக்கத்துல உக்காராம.