குழந்தையைப் புதைத்த இடத்தைத் தங்கையிடம் சொல்லலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் தங்கைக்கு இரண்டாவதாகப் பிறந்த பெண் குழந்தை நாலாம் நாளே இறந்துவிட்டது. பச்சை உடம்பு என்று அவளை இடுகாட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. குழந்தையின் துணிமணிகளை அம்மா எடுத்து ஒளித்துவிட்டார். ஒரு வாரமாக, 'எங்க புதைச்சீங்க' என்று அதையே கேட்கிறாள். சொல்லலாமா? ஞாபகப்படுத்தாமல் இருந்தால் தேறிவிடுவாளா?"

சொல்லுங்கள், இன்றைக்கே. நீங்கள் பேசாவிட்டாலும் அவருக்கு அதே நினைப்புதான். வீட்டில் எல்லோரும் வாய் மூடியிருப்பதால் தனியாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எந்த இடம், யார் தூக்கிப் போனார்கள், எந்தத் துணியைச் சுற்றினீர்கள் என்று கேட்பதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொல்லுங்கள். உடம்பு தேறியதும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டிப்போங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

ஒளித்த துணிகளை அம்மா எரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டை, ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டை, போனில் உள்ள போட்டோ போதும். போட்டோவை அழித்துவிடச் சொல்லி உறவுக்காரர் யாராவது மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடும். அழிக்க வேண்டாம் என்று முந்திக்கொண்டு சொல்லுங்கள். "அதான் பையன் இருக்கானே", "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்பதெல்லாம் நல்லெண்ணத்தில் வரும் பேச்சுதான். ஆனால் இந்தக் குழந்தை கணக்கிலேயே இல்லை என்றுதான் தாயின் காதில் விழும். "பாப்பா யார் சாயல்?" என்று கேட்டுப் பாருங்கள். அழுவார். அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பால் கட்டிக்கொள்வதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வீட்டில் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். குழந்தை இல்லாவிட்டாலும் பால் சுரக்கும். இறுக்கம் தாங்காதபோது வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி, குளிர்ந்த துணியால் ஒற்றலாம். மல்லிகைப் பூ வைத்துக் கட்டும் நம் பக்கத்து வழக்கத்திலும் தவறில்லை. பால் வற்ற மாத்திரையும் உண்டு. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ ரத்தக்கொதிப்பு இருந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் போடக்கூடாது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூத்த பையனிடம் "பாப்பா தூங்குது" என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படுவான். "பாப்பாவுக்கு ரொம்ப உடம்பு முடியாம செத்துப்போச்சு, திரும்பி வராது, நீ ஒண்ணும் பண்ணல" என்று சொல்லுங்கள். மாப்பிள்ளையிடம் எல்லோரும் "அவளைத் தைரியமா பார்த்துக்கோ" என்றுதான் சொல்வார்கள். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அழுகைக்கு நாள் கணக்கு இல்லை. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் எதிலும் ஒட்டாமல் கிடந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். "நானும் அவகூடப் போயிடறேன்" என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நாலு நாள் இருந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டுமே பதிவாக வேண்டும். பதிவுக்கான கெடு 21 நாள். ஆஸ்பத்திரியில் இரண்டையும் தெரிவித்துவிட்டார்களா என்று விசாரித்து, சான்றிதழ்களை வாங்கி வையுங்கள். தங்கை வேலைக்குப் போகிறவர், மகப்பேறு விடுப்புக்கு உரியவர் என்றால், குழந்தை இறந்ததைக் காட்டி அந்தச் சம்பள விடுப்பை நிறுவனம் ரத்து செய்ய முடியாது. விடுப்பு விண்ணப்பத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.