போர்ட்டோ முதல் சந்தியாகோ வரை கடலோர கமீனோ: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம்? (கேள்வி பதில்)

போர்ச்சுகலின் போர்ட்டோ பேராலயத்தில் தொடங்கி ஸ்பெயினின் சந்தியாகோ டி கொம்போஸ்டெலாவில் முடியும், கமீனோ எனப்படும் கடலோர யாத்திரைப் பாதையை நான் இருமுறை நடந்திருக்கிறேன். நாள் தூரம் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மொத்தம் சுமார் 280 கி.மீ. எனக்கு 12 நாள் விடுப்பு. நாளுக்கு 23 கி.மீ. என்று வகுத்து அட்டவணை போட்டுவிட்டேன். சரிதானே, ஐயா?

பதில்: சரியில்லை. வகுத்துப் பார்த்து வருகிறவர்களைத்தான் நான்காம் நாள் வழியோரத்தில் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கக் காண்கிறேன். போர்ட்டோவுக்கு வடக்கே பல மைல்களுக்குக் கடற்கரையோரம் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். ஏற்றமோ இறக்கமோ இல்லாத பாதைதானே, 30 கி.மீ. எளிதாகப் போகலாம் என்று தோன்றும். அந்தச் சமதரைதான் காலைப் பிடிக்கும். மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வெவ்வேறு விதமாக விழுவதால் பாரம் பல தசைகளுக்குப் பிரிந்து போகும். பலகையிலோ ஆயிரக்கணக்கான அடிகள் ஒரே கோணத்தில், ஒரே இடத்தில் விழுகின்றன. ஊருக்குள் நுழைந்தால் கருங்கல் பாவிய தெருக்கள், அவை உள்ளங்காலைச் சுட வைக்கும். முதல் முறை நான் போர்ட்டோவிலிருந்து விலா டூ கோண்டே வரை, ஏறக்குறைய 33 கி.மீ. தூரத்தை ஒரே நாளில் நடந்தேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி எழுந்த வலி வியானா டூ காஸ்டெலோவில் என்னை இரண்டு நாள் படுக்க வைத்தது.

ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். முதுகில் பையோடு, ஓய்வும் சேர்த்து, மணிக்கு 3.5 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 21 கி.மீ. ஆறு மணி நேரம். கோடையில் இந்தக் கரையில் நொர்த்தாடா என்னும் வடகாற்று பிற்பகலில் வலுத்து வீசும். வடக்கு நோக்கி நடக்கிற உங்கள் முகத்தில்தான் அது அறையும். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் காற்று வலுக்கும் முன்பே விடுதியில் படுக்கை கிடைத்துவிடும். முதல் மூன்று நாள் 22 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். விலா டூ கோண்டேவிலிருந்து எஸ்போசெண்டே வரை போயே தீர வேண்டும் என்பதில்லை. காவடோ ஆற்றுப் பாலத்துக்கு முன்பே, தென்கரையிலுள்ள ஃபாவ் என்ற சிற்றூரில் தங்கலாம். கால் பழகிய பிறகு வியானாவிலிருந்து காமின்யா வரையிலான 27 கி.மீ. தூரத்தை அதே கால்கள் முணுமுணுக்காமல் கடந்துவிடும்.

கேள்வி: கையேட்டில் 21 என்று போட்டிருக்கிறது, கைப்பேசி 25 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் வெவ்வேறு பாதைகளை அளந்திருக்கக்கூடும். அம்புக்குறியிட்ட கடலோர கமீனோ பல இடங்களில் ஊர்களுக்குள்ளே போகிறது. நீரை ஒட்டியே போகும் செண்டா லிட்டோரல் வேறு பாதை. இதோடு மாலையில் உணவுக்கும் கடைக்கும் அலைவதையும் கைப்பேசி எண்ணிக்கொள்கிறது. அந்த அலைச்சலும் கால் மேல்தான் விழுகிறது என்பதால், கையேட்டுத் தூரத்தோடு 3 கி.மீ. கூட்டியே திட்டமிடுங்கள்.

கேள்வி: நாளுக்கு 20 போதுமா, 25 வேண்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரு நாடுகளுக்கும் எல்லையான மின்யோ ஆற்றைக் கடக்கும் நாளை எப்படி அமைப்பது?

பதில்: இது நல்ல கேள்வி. பாதை முழுவதிலும் உங்கள் கால் தீர்மானிக்காத நாள் இதுதான். காமின்யாவிலிருந்து ஆ குவார்டாவுக்குப் படகில் போக வேண்டும். ஆற்று முகத்தில் மணல் சேர்வதாலும் ஓதம் (கடல் நீர்மட்டம்) இறங்குவதாலும் பெரிய படகு ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. சிறு இயந்திரப் படகுகளைத்தான் பலர் நம்புகிறார்கள். அக்கரையில் இறங்கியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும், ஏனெனில் ஸ்பெயினின் நேரம் போர்ச்சுகலை விட ஒரு மணி கூடுதல். எட்டு மணிப் படகு என்றால், கால் வைக்கும்போதே அங்கே ஒன்பது கடந்திருக்கும். அதற்கு மேல் பயோனா வரை 30 கி.மீ. நடப்பது வீண் பிடிவாதம். சுமார் 13 கி.மீ.யில், கடலைப் பார்த்தபடி பழைய மடாலயம் நிற்கும் ஓயாவில் தங்குங்கள். காற்றும் மழையும் படகை நிறுத்திவிட்டால், ஆற்றோரமாக வலென்சா வரை நடந்து பாலத்தின் வழியே துயி நகருக்குப் போகலாம். அதற்கு ஒரு நாளைக் கையிருப்பில் வைத்திருங்கள்.

கேள்வி: என் கணவருக்கு மூட்டுத் தேய்மானம். எவ்வளவு நடக்கலாம்?

பதில்: அதை அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டும், அம்மா. நான் சொல்லக்கூடாது.

கேள்வி: போர்ட்டோவிலிருந்து மட்டோசின்ஹோஸ் வரை மெட்ரோவில் போய்விட்டு, அங்கிருந்து நடக்கலாம் என்கிறார்கள். நகரத் தெருதானே?

பதில்: போகலாம். யாத்திரையை முடித்தவர்களுக்கு சந்தியாகோவில் தரும் சான்றிதழுக்குக் குறைந்தது 100 கி.மீ. நடந்தால் போதும் என்பதால் அதற்கும் பாதகமில்லை.

(இன்னொருவர்): மன்னிக்க வேண்டும், இதை ஏற்க முடியாது. பேராலய வாசலில் தொடங்காதது யாத்திரையே அல்ல. முதல் நாளே வண்டி ஏறுகிறவர் கடைசி நாளும் ஏறுவார்.

(மற்றொருவர்): பழங்காலத்து யாத்ரிகர்கள் கிடைத்த படகிலும் கழுதையிலும் போனவர்கள்தாமே? ஆற்றைப் படகில் கடப்பது யாத்திரை என்றால் மெட்ரோ மட்டும் எப்படிக் குற்றமாகும்?

பதில்: ஆற்றைப் படகில்தான் கடக்க முடியும், தெருவை நடந்தே கடக்கலாம். அந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் நாள் 33 கி.மீ. நடந்து காலைக் கெடுத்துக்கொள்வதில் பக்தி எதுவும் கூடிவிடாது. இரு தரப்புக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான். வந்து சேர்ந்த நாளின் பிற்பகலில், பையை அறையில் வைத்துவிட்டு, பேராலயத்திலிருந்து டோரோ ஆற்றங்கரை வழியாகக் கடல் முகம் வரை போய், அங்கிருந்து மட்டோசின்ஹோஸ் வரை வெறுங்கையோடு சுமார் 11 கி.மீ. நடந்து, மெட்ரோவில் அறைக்குத் திரும்பிவிடுங்கள். மறுநாள் காலை அதே மெட்ரோவில் போய், விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். ஓர் அடிகூட விடுபடாது. விலா டூ கோண்டேவுக்கு மீதம் ஏறக்குறைய 22 கி.மீ.தான்.

(முதலில் மறுத்தவர்): இப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: பத்து நாளில் முடியுமா?

பதில்: 280-ஐப் பத்தால் வகுத்த இன்னொரு கேள்வி. உங்களிடம் பத்து நாள்தான் இருக்கிறதென்றால் வியானாவில் தொடங்குங்கள். நேரம் இன்னும் குறைவு என்றால் வீகோவில் தொடங்குங்கள். அங்கிருந்து சந்தியாகோ ஏறத்தாழ 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியில், சான்றிதழுக்காக, யாத்ரிகர் அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்க மறவாதீர்கள்.

கேள்வி: வீகோவிலிருந்து ரெடொண்டேலா வெறும் 16 கி.மீ.தானே, அன்று அங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: கால் கேட்டால் நிறுத்தலாம். ஆனால் போர்ச்சுகலின் உள்நாட்டுப் பாதை நம் பாதையோடு சேர்வது ரெடொண்டேலாவில்தான். இரு வழிக் கூட்டமும் அந்த ஊரின் படுக்கைகளைத் தேடும். அரசு விடுதிகளில் முன்பதிவும் கிடையாது. உடம்பு ஒத்துழைத்தால் இன்னும் 7 கி.மீ. நடந்து ஆர்காடேயில் தங்குங்கள். மறுநாள் பொண்டெவேத்ரா 12 அல்லது 13 கி.மீ.யாகச் சுருங்கிவிடும்.

கேள்வி: பொண்டெவேத்ராவிலிருந்து ஆன்மிக மாற்றுப்பாதையில் போக ஆசை. ஒரு நாள் கூடுமா?

பதில்: கூடும். அது பொண்டெவேத்ராவில் பிரிந்து பத்ரோன் அருகே மீண்டும் சேரும் கிளைப்பாதை. முதல் நாள் அர்மென்டெய்ரா மடாலயத்துக்கு ஏறக்குறைய 21 கி.மீ.; ஆனால் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த மலையேற்றக் கணக்குப்படி 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். களைத்த காலோடு நடக்கிறவர்கள் 400 மீட்டருக்கே அந்த ஒரு மணியைக் கூட்டிக்கொள்வது நல்லது. மறுநாள் ஓடையோரமாக இறங்கி விலனோவா டி அரோசா. மூன்றாம் நாள் காலை அங்கிருந்து உயா ஆற்றில் படகு. அதன் நேரத்தை ஓதம்தான் தீர்மானிக்கும். ஆகவே முந்தைய மாலையே நேரத்தைக் கேட்டுக்கொண்டு படுக்கப் போங்கள். படகு உங்களைப் பத்ரோனுக்கு அருகே இறக்கிவிடும்; சந்தியாகோவுக்கு மீதம் 25 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். படகு முற்பகலிலேயே இறக்கிவிட்டாலும் அன்றே அதை நடக்க முயல வேண்டாம்.